குழந்தையோடு கடற்கரையில் ஒரு ராத்திரி: முதல் முறை டென்ட் போடுகிறவர்களுக்கு

என் மகளுக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. நானும் அவளும் மட்டுமாக இதுவரை மூன்று முறை கடலோரத்தில் டென்ட் போட்டுத் தங்கியிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ராத்திரி, மதியம் கிளம்பி மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிற மாதிரி. இதைக் கேள்விப்படுகிற அப்பா அம்மாக்கள் "எங்களுக்கும் போகணும்னு ஆசைதான், எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்கிறார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குப் பழக்கமான கரையை வைத்துத்தான் எழுதுகிறேன்: சென்னைக்குத் தெற்கே, ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக, மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் என்று மரக்காணம் வரைக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே சொல்கிற எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது. சின்னக் குழந்தையோடு போகும்போது நேர அட்டவணையை நாம் போடக் கூடாது. குழந்தையின் பசி, தூக்கம், கடற்காற்று, இந்த மூன்றும்தான் போட வேண்டும். நாலு மணிக்கு இது, ஐந்து மணிக்கு அது என்று நாமே திட்டம் வைத்துக்கொண்டு போனால் இருட்டுகிற நேரத்தில் இரண்டு பேரும் அழுகிற நிலைமைக்கு வந்துவிடுவோம்.

மாதமும் நாளும்

ஜனவரி, பிப்ரவரி, மார்ச் பாதி வரைக்கும்தான் இந்தக் கரையில் குழந்தையோடு வெளியில் படுக்கச் சரியான காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம் எப்போது உருவாகும் என்று சொல்ல முடியாது, அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். ஏப்ரலுக்கு மேல் ராத்திரியிலும் புழுக்கம், டென்ட்டுக்குள் குழந்தை வியர்த்துக் கொட்டும், வேர்க்குரு போடும். தை மாதத்தில் மட்டும் பனி பலமாக இறங்கும். விடிகாலையில் டென்ட்டின் மேல் துணி தண்ணீர் தெளித்த மாதிரி நனைந்திருக்கும். அதனால் மேல் உறை இல்லாத மலிவு டென்ட்டை வாங்காதீர்கள்.

நாள் குறிப்பதற்கு நான் நிலாவைப் பார்ப்பேன். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் போனால் பொழுது சாயும்போதே நிலா மேலே வந்திருக்கும், குழந்தைக்குக் கும்மிருட்டு என்கிற அனுபவமே வராது. முதல் பயணத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறி இறங்கும், டென்ட்டை அதற்கேற்பத் தள்ளிப் போட வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி வேண்டவே வேண்டாம். இளைஞர் கூட்டம், ஒலிபெருக்கி, குடி எல்லாம் அன்றைக்குத்தான். முடிந்தால் வார நாளில் போங்கள். முடியாவிட்டால் ஞாயிறு மதியம் போய்த் திங்கள் காலை திரும்பலாம், எல்கேஜிக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

கிளம்புவதற்கு முந்தின நாளும் அன்று காலையிலும் இரண்டு இடத்தில் பாருங்கள். சென்னை வானிலை ஆய்வு மையத்தின் மழை, காற்று எச்சரிக்கை ஒன்று. ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடுகிற கடல் நிலை முன்னறிவிப்பு இன்னொன்று. இது மீனவர்களுக்காகவே வருவது, அலை எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். உயர் அலை எச்சரிக்கை என்றோ கள்ளக்கடல் என்றோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கள்ளக்கடல் என்பது எங்கோ தூரத்தில் அடித்த புயலால் கிளம்பிய பெரிய அலை இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறுவது. வானம் தெளிவாக இருக்கும், அதனால்தான் மக்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இடம் பிடிப்பது

பொதுக் கடற்கரையில் நம் இஷ்டத்துக்கு டென்ட் போட்டுத் தூங்கலாம் என்று நினைக்காதீர்கள். நகரத்துக் கடற்கரைகளில் போலீஸ் ரோந்து வந்து எழுப்பிவிடும். ஊர்ப்புறத்தில் யாரும் எழுப்பாவிட்டாலும் சின்னக் குழந்தையோடு தனியாக ஒரு பெரியவர் மட்டும் ராத்திரி அங்கே கிடப்பது சரியில்லை. ஈசிஆர் ஓரமாகச் சவுக்குத் தோப்பு, தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் வேலி போட்டு, கழிவறை கட்டி, டென்ட் போட இடம் விடுகிறார்கள். அப்படிப்பட்ட இடமாகப் பாருங்கள்.

போன் செய்து பேசும்போது வாடகையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது: ராத்திரி முழுக்கக் காவலாளி இருப்பாரா, கழிவறையில் விளக்கும் தண்ணீரும் இருக்குமா, அது டென்ட் போடுகிற இடத்திலிருந்து எத்தனை அடி, அன்றைக்கு வேறு எத்தனை பேர் வருகிறார்கள், பத்து மணிக்கு மேல் பாட்டு போட விடுவார்களா, கடலுக்கும் இடத்துக்கும் நடுவில் கேட் இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ரொம்ப முக்கியம். மகள் கண் விழித்துத் தனியாக நடந்தால் நேரே தண்ணீருக்குப் போய்விடக்கூடிய இடத்தில் நான் தங்க மாட்டேன். முதல் முறை நாங்கள் போன ஓர் இடத்தில் காவலாளி உண்டு என்று போனில் சொன்னார்கள், போய்ப் பார்த்தால் ஒன்பது மணிக்கு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அந்த ராத்திரி நான் தூங்கவே இல்லை. அதற்கப்புறம் காவலாளியின் நம்பரையே வாங்கி அவரிடமே ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் பணம் அனுப்புகிறேன்.

பக்கத்தில் எந்த ஊரில் குழந்தைகளைப் பார்க்கிற ஆஸ்பத்திரி இருக்கிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் 108, 112, அப்புறம் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, மூன்றையும் பதிந்து வையுங்கள்.

மொட்டை மாடியில் ஒத்திகை

இதைத் தயவு செய்து தவிர்க்காதீர்கள். போகிற வாரத்துக்கு முந்தின வாரம் மொட்டை மாடியில் டென்ட்டைப் போட்டு ஒரு ராத்திரி அதில் படுங்கள். டென்ட் என்றால் என்ன, ஜிப் எப்படித் திறக்கும், உள்ளே படுத்தால் வெளிச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று குழந்தைக்கு வீட்டிலேயே பழகிவிடும். உங்களுக்கும் எந்தக் கம்பி எங்கே போகும் என்று கை பழகும். மாடியில் பதினைந்து நிமிடத்தில் போட முடிந்தால் கடற்கரைக் காற்றில் அரை மணி நேரம் ஆகும், அப்படிக் கணக்கு வையுங்கள். எங்கள் ஒத்திகையில் மகள் நடு ராத்திரி எழுந்து "வீட்டுக்குப் போலாம்ப்பா" என்றாள், கீழே இறங்கிப் போய்விட்டோம். இரண்டு நாள் கழித்து அவளே தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். அந்த இரண்டாவது ராத்திரிக்கு அப்புறம்தான் இடத்துக்கு முன்பணம் அனுப்பினேன்.

என்ன எடுத்துப் போவது

மூன்று பேர் படுக்கிற டென்ட் ஒரு பெரியவருக்கும் ஒரு குழந்தைக்கும் சரியாக இருக்கும். இரண்டு பேர் டென்ட் என்றால் பையை வைக்க இடம் இருக்காது. கீழே விரிக்கக் கெட்டியான தார்ப்பாய் ஒன்று அவசியம், சவுக்குத் தோப்பில் கீழே கிடக்கிற காய்கள் மெல்லிய துணியைத் தாண்டி முதுகில் குத்தும். அதற்கு மேல் கோரைப்பாய், அதற்கு மேல் வீட்டில் குழந்தை தினமும் படுக்கிற விரிப்பு. புதிதாக எதையும் வாங்காதீர்கள், பழைய வாசனை உள்ள விரிப்பும் தலையணையும்தான் தூங்க வைக்கும்.

ஐந்து கிலோ அரிசி வருகிற துணிப்பை ஆறு எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று கீழே சொல்கிறேன். தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று, கையில் பிடிக்கிற சின்ன டார்ச் குழந்தைக்கென்று ஒன்று. பூட்டுகிற மாதிரி மூடி உள்ள எவர்சில்வர் டப்பாக்கள், ஏனென்றால் கடற்கரை நாய்கள் ராத்திரி சாப்பாட்டுப் பையைத் தேடி வரும். தண்ணீர் இரண்டு பேருக்கும் குடிக்க, கை கழுவ, குழந்தையின் உடம்பில் உப்பைக் கழுவ என்று பத்து லிட்டர். கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும், அதை நம்ப வேண்டாம். ராத்திரி அவசரத்துக்கு மூடி போட்ட சின்ன வாளி ஒன்று. இருட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கழிவறை வரை நடப்பதைவிட இது நல்லது.

துணியில் மூன்று செட் கூடுதலாக, அதில் ஒன்று முழுக்கை. குழந்தைக்குக் கடலில் கால் நனைக்கப் போடுகிற உடுப்பு ஆரஞ்சோ நல்ல சிவப்போ இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ் பொட்டலம், பிளாஸ்டர், முள் எடுக்கிற இடுக்கி, வீட்டில் வழக்கமாகத் தடவுகிற கொசுக் களிம்பு. முதல் முறையாக ஒரு களிம்பை அங்கே போய்த் தடவிப் பார்க்காதீர்கள். கொசுவத்தியை டென்ட்டுக்குள் கொளுத்தவே கூடாது, அடுப்பும் கூடாது. மூடிய இடத்தில் புகை மூச்சை அடைக்கும், டென்ட் துணி ஒரு பொறியில் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரு சலங்கை மணி. டென்ட் ஜிப்பில் கட்டிவிடுங்கள். குழந்தை உள்ளிருந்து திறந்தால் சத்தம் கேட்டு நாம் விழித்துக்கொள்வோம். நான் சொல்கிற பொருட்களிலேயே விலை குறைந்தது இதுதான், நான் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்பதும் இதுதான்.

சாப்பாட்டுக்கு நான் அங்கே சமைப்பதில்லை. ஒற்றை ஆளாகக் குழந்தையையும் அடுப்பையும் சேர்த்துப் பார்க்க முடியாது. நம் வீடுகளில் கட்டுச்சோறு கட்டுவதற்கென்றே பக்குவம் இருக்கிறது: நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி (குழந்தைக்குக் காரமில்லாத பருப்புப் பொடி), சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். இவை மறுநாள் காலை வரை தாங்கும். தயிர்சாதம் பாலில் பிசைந்து எடுத்துப் போனால் ராத்திரிக்கு மட்டும். காலையில் குழந்தைக்குச் சத்துமாவுக் கஞ்சி, அதற்கு நல்ல பிளாஸ்கில் வெந்நீர். தை மாதமாக இருந்தால் போகிற வழியில் பனங்கிழங்கு வாங்கி வீட்டுக்கும் கொண்டு வாருங்கள். எங்கள் முதல் பயணத்தில் கையோடு அவித்த கிழங்கு நாலைந்து கொண்டுபோயிருந்தோம், நாரை உரித்து உரித்து ஒடித்துத் தின்பதிலேயே மகளுக்கு அரை மணி நேரம் போனது.

போய்ச் சேருவது

மாலை மூன்றரைக்குள் அங்கே இருக்க வேண்டும். ஜனவரியில் ஆறு மணிக்குச் சூரியன் மறைந்துவிடும். கடப்பாக்கம் வரை போகிறீர்கள் என்றால் சென்னையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், இடையில் குழந்தைக்கு ஒரு நிறுத்தம் வைத்தால் மூன்று மணி நேரம். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினால் காரிலேயே மதியத் தூக்கம் முடிந்துவிடும். பஸ்ஸில் போகிறவர்கள் புதுச்சேரிக்கு ஈசிஆர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறலாம், ஆனால் சாமான்களோடு முதல் முறை அப்படிப் போவது சிரமம், டென்ட்டை அங்கேயே வாடகைக்குத் தருகிற இடமாக இருந்தால் முடியும். காரை மணலில் இறக்காதீர்கள், சக்கரம் புதைந்துவிடும். கெட்டித் தரையில், வெளியே போகிற பக்கம் பார்த்து நிறுத்துங்கள். ராத்திரி ஏதாவது என்றால் பின்னால் எடுத்துத் திருப்புகிற வேலை இருக்கக் கூடாது.

இறங்கியதும் முதல் வேலை டென்ட் இல்லை, கடல். மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்த குழந்தையிடம் "முதல்ல டென்ட், அப்புறம்தான் கடல்" என்றால் கேட்காது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் கரையில் நின்று காட்டுங்கள். அங்கேயே நின்று மூன்று விதியைச் சொல்லிவிடுங்கள்: அப்பா கையைப் பிடிக்காமல் ஈர மணலில் கால் வைக்கக் கூடாது, கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கக் கூடாது, அப்பா கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். மூன்றுக்கு மேல் சொன்னால் அந்த வயதில் நினைவு இருக்காது. மகளைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன், சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்ற விடுவேன். அவள் மணிக்கட்டில் பால்பாயிண்ட் பேனாவால் என் போன் நம்பரை எழுதிவிடுவேன்.

டென்ட் போடுவது

கடல் எதுவரை வரும் என்பதைக் கரையே சொல்லும். பாசி, தென்னமட்டைத் துண்டு, பிளாஸ்டிக் எல்லாம் ஒரு கோடு போட்ட மாதிரி ஒதுங்கியிருக்கும், அது கடைசியாக ஏறிய தண்ணீரின் எல்லை. அதையும் தாண்டி மேலே வந்தால் அடப்பங்கொடி படர்ந்திருக்கும், ஊதாப் பூ பூக்கும், முட்கள் உருண்டையாக நிற்கிற இராவணன் மீசைப் புல்லும் அங்கேதான் இருக்கும். இந்தச் செடிகள் பிடித்திருக்கிற இடத்துக்கும் உள்ளே, நிலத்தின் பக்கம், டென்ட் வர வேண்டும். செடிகள் மேலேயே போடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான், அதோடு இராவணன் மீசை காய்ந்தால் ஊசி மாதிரிக் குத்தும். ஒரு முறை நான் கொஞ்சம் கீழே இறக்கிப் பாயை விரித்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எழுந்து வந்தார். "தம்பி, புள்ளைய வச்சுக்கிட்டு இங்க போடாதீங்க, விடியகாலம் தண்ணி ஏறும்" என்று சொல்லிவிட்டு அவரே தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து மேலே இழுத்து வந்து கொடுத்தார். விடியலில் போய்ப் பார்த்தேன், முதலில் விரித்த இடம் ஈரமாக இருந்தது. இடத்தைப் பற்றிக் கரையில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

டென்ட்டோடு வருகிற கம்பி முளைகள் மணலில் நிற்காது, ஒரு காற்றில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குத்தான் அந்தத் துணிப்பைகள். பையில் மணலை நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கி, அந்தக் கயிற்றின் மறுமுனையை டென்ட்டின் மூலையில் கட்டுங்கள். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிப் பையைப் புதைத்து மேலே மணலைத் தள்ளி நன்றாக மிதியுங்கள். நாலு மூலைக்கு நாலு, மேல் உறையை இழுத்துக் கட்ட இரண்டு. இப்படிக் கட்டிய டென்ட்டை நான் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறேன், அசையாது.

சாயங்காலம் கடற்காற்று கிழக்கேயிருந்து வேகமாக அடிக்கும், நடு ராத்திரிக்கு மேல் அது ஓய்ந்து நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று திரும்பும். டென்ட்டின் குட்டையான பக்கம் கடலைப் பார்த்தும், வாசல் தோப்புப் பக்கமும் இருக்கட்டும். கடலைப் பார்த்து வாசல் வைத்தால் அழகுதான், ஆனால் மணல் முழுக்க உள்ளே வந்து குழந்தையின் கண்ணில் விழும். தென்னை மரத்துக்கு அடியில் போடாதீர்கள், தேங்காயும் மட்டையும் விழும்.

இந்த அரை மணி நேரம் குழந்தை என்ன செய்யும்? ஒற்றைப் பெரியவராகப் போகிறவர்களுக்கு இந்தப் பயணத்திலேயே ஆபத்தான நேரம் இதுதான். கையும் கண்ணும் டென்ட்டில் இருக்கும், குழந்தை கடலை நோக்கி நடக்கும். நான் செய்வது: கடலுக்கு எதிர்ப்பக்கம், தோப்புப் பக்கமாகப் பாயை விரித்து அவளை உட்கார வைப்பேன், அவளுக்கும் கடலுக்கும் நடுவில் நான் நின்று வேலை செய்வேன். அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்துவிடுவேன், பையில் மணல் நிரப்புவது அவள் பொறுப்பு. பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி அள்ளிப் போடுவாள், நேரம் ஆகத்தான் செய்யும், ஆகட்டும். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தடவை நிமிர்ந்து அவளைப் பார்ப்பேன். போனைக் காரிலேயே வைத்துவிடுவேன்.

தண்ணீரில் கால் வைப்பது

நம் கிழக்குக் கடற்கரையில் அலை உடைகிற இடத்திலேயே தரை சட்டென்று இறங்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம் என்று நினைக்கும்போது அடுத்த எட்டில் இடுப்பு வரைக்கும் போய்விடும். அதனால் சின்னக் குழந்தைக்கு என் கணக்கு அதன் கணுக்கால் வரைக்கும்தான். அலை வந்து தொட்டுவிட்டுப் போகிற இடத்தில், நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு. விரலைப் பிடித்தால் நழுவும், மணிக்கட்டைப் பிடியுங்கள். வரிசையாக அலை உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஓர் இடம் மட்டும் அலையே இல்லாமல் அமைதியாகத் தெரிந்தால் அங்கே குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குப் போகிற வழி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், இழுப்பு அங்கேதான். ஆறோ ஓடையோ கடலில் சேர்கிற முகத்துவாரத்திலும் இறங்கக் கூடாது. காற்றடித்த டியூப், மிதக்கிற பொம்மை எதையும் எடுத்துப் போகாதீர்கள். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், டியூப் ஒரு நிமிடத்தில் தூரமாகப் போய்விடும், குழந்தை அதன் பின்னால் ஓடும்.

மணலில் விளையாடுவதற்கு அளவே இல்லை, ஆனால் குழியை மட்டும் குழந்தையின் முழங்காலுக்கு மேல் ஆழமாகத் தோண்ட விடாதீர்கள். ஈர மணல் சரிந்தால் மூடிவிடும். நுங்கு மாதிரி வழுவழுப்பாகச் சொறி (ஜெல்லி மீன்) கரையில் ஒதுங்கிக் கிடந்தால் செத்திருந்தாலும் தொடக் கூடாது, நீல நிறத்தில் காற்றடைத்த சின்னப் பை மாதிரிக் கிடப்பதையும்தான். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், குடிதண்ணீரால் கழுவாதீர்கள். கடல் தண்ணீரையே ஊற்றிக் கழுவி, ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்குகிற சூட்டில் வெந்நீர் இருபது நிமிடம் விட்டால் வலி குறையும். சூட்டை முதலில் நம் கையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

கரையில் நிற்கிற படகும் விரித்திருக்கிற வலையும் ஒருவருடைய பிழைப்பு. வலையை மிதித்துக்கொண்டு நடக்கக் கூடாது என்று குழந்தைக்கு முதலிலேயே சொல்லிக் கொடுங்கள், தூண்டில் முள்ளும் அங்கே கிடக்கும். கேட்டுவிட்டுப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அவர்களே கூப்பிட்டு மீனைக் காட்டுவார்கள்.

ராத்திரி

ஆறரைக்கு உப்பைக் கழுவித் துணி மாற்றி, ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குப் படுக்கை. வீட்டில் என்ன வரிசையோ அதே வரிசை. வீட்டில் கதை சொல்லித் தூங்க வைப்பீர்கள் என்றால் அங்கேயும் அதே கதை. தீ மூட்டுகிற ஆசை எல்லோருக்கும் வரும். சவுக்குத் தோப்பில் கீழே கிடக்கிற காய்ந்த இலை ஊசிகள் ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும், அதனால் தோப்புக்குள் வேண்டாம். இடத்துக்காரர் மணலில் தனியாக ஒரு திட்டு வைத்திருந்தால் அங்கே அவர்களே மூட்டட்டும்.

சாப்பிட்டு முடித்துத் தூங்கப் போவதற்கு நடுவில் டார்ச்சை அணைத்துவிட்டுப் பாயில் மல்லாந்து படுங்கள். ஜனவரி ராத்திரியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேலேயே இருக்கும், கொஞ்சம் கிழக்கே தள்ளிச் செந்நிறத்தில் திருவாதிரை. மகள் கார்த்திகையில் ஆறு எண்ணினாள், எனக்கு ஐந்துதான் தெரிந்தது. அதற்கப்புறம் வெகு நேரம் பேசாமல் படுத்திருந்தவள் "கடல் எப்பப்பா தூங்கும்?" என்று கேட்டாள். தூங்காதும்மா, ராத்திரி எப்ப முழிச்சாலும் அந்தச் சத்தம் கேட்கும், கேட்டா அப்பா பக்கத்துலதான் இருக்கேன்னு நினைச்சுக்கோ என்றேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை விழித்தாள், காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள்.

வாசல் பக்கம் நீங்கள் படுங்கள், குழந்தை உள்பக்கம். செருப்பை டென்ட்டுக்குள் பையில் போட்டு வையுங்கள், வெளியே விட்டால் காலையில் உதறாமல் போடக் கூடாது, தேள் இருக்கலாம். கார் சாவி, டார்ச், போன் மூன்றும் தலைமாட்டில் ஒரே இடத்தில். குழந்தை பயந்து அழுது அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை என்றால் தூக்கிக்கொண்டு காரில் போய்ப் படுங்கள், இல்லை வீட்டுக்கே கிளம்புங்கள். டென்ட்டைக் காவலாளியிடம் சொல்லிவிட்டு மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பிடிவாதம் பிடித்து அங்கேயே வைத்திருந்தால் அடுத்த முறை கடல் என்றாலே வர மாட்டேன் என்று சொல்லும்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்குப் பக்கம் இருக்கும், ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சுகள் வெளியே வரும். கடல் பக்கம் தெரிகிற வெளிச்சத்தை நோக்கி ஓட வேண்டிய குஞ்சுகள் நம் விளக்கைப் பார்த்து நிலத்தின் பக்கம் வந்து செத்துப்போகின்றன. அதனால் அந்த மாதங்களில் கடல் பக்கம் டார்ச் அடிக்காதீர்கள், டென்ட்டில் விளக்குச் சரம் தொங்கவிடாதீர்கள். காலையில் டிராக்டர் டயர் பதிந்த மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து மேலே போய்த் திரும்பியிருந்தால் அது ஆமையின் தடம். குழந்தைக்குத் தள்ளி நின்று காட்டுங்கள், குழியைத் தோண்டாதீர்கள், இடத்துக்காரர் மூலமாக வனத்துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

காலை

ஆறரைக்குச் சூரியன் கடலிலிருந்து மேலே வரும். குழந்தையை இதற்காக எழுப்ப வேண்டியதில்லை, எட்டு மணிக்குத் தூங்கியது தானாகவே எழுந்துவிடும். போர்வையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் உட்காருங்கள், காலையில் குளிர் இருக்கும். அந்த நேரத்தில்தான் வெள்ளை நண்டுகள் வளைக்கு வெளியே ஓடும், என் மகள் ஒவ்வொரு நண்டையும் துரத்திப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. கஞ்சியைக் குடித்துவிட்டு ஒன்பது மணிக்குள் டென்ட்டைப் பிரித்துவிடுங்கள், அதற்கு மேல் வெயில் ஏறிவிடும்.

கடப்பாக்கம் பக்கம் தங்கினால் போகிற வழியில் ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, 1750-ல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேயின் கைக்கு வந்தது, பத்து வருடத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள், மிச்சமும் 2004 சுனாமியில் சேதப்பட்டது. கோட்டையை ஒட்டிய கழிமுகத்தில் மீனவர்கள் படகில் கூட்டிப்போவார்கள். குழந்தை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருந்தால் மட்டும் ஏறுங்கள், பெரியவர்கள் அளவு ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது கழன்று மேலே போய்விடும். நாங்கள் போன அன்று சின்ன அளவு இல்லை, கரையிலேயே நின்று கொக்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

கிளம்புவதற்கு முன் மணல் பைகளைத் தோண்டி எடுத்துக் கொட்டிவிடுங்கள், குழிகளை மூடுங்கள், டயப்பர் உட்பட எல்லாக் குப்பையும் நம்மோடு வீட்டுக்கு வர வேண்டும். குழந்தை பொறுக்கிய சிப்பி, சங்குகளை ஒரு தட்டில் தண்ணீர் விட்டுப் போட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். கால் வெளியே நீட்டி எது நடந்தாலும் அதை ஈர மணலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும், உள்ளே உயிர் இருக்கிறது. உடம்பில் ஒட்டிய மணலை ஈரத்தோடு தேய்க்காமல், காய விட்டுக் கொஞ்சம் பவுடர் போட்டுத் துடைத்தால் தானாக உதிரும், தொடையிடுக்கில் புண்ணாகாது.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே டென்ட்டை நல்ல தண்ணீரில் அலசி மாடியில் காயப்போட்டுவிடுங்கள். உப்போடு மடித்து வைத்தால் ஜிப் பிடித்துக்கொள்ளும், கம்பிகள் துருப்பிடிக்கும், துணியில் பூஞ்சை வரும். ஜிப்பின் பற்களைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்ததும் மெழுகுவர்த்தியை ஒரு முறை ஓட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை மகளுடையது, சலங்கை மணியைக் கழற்றி டப்பாவில் போட்டு வைப்பதும் அவள்தான்.